நெற்றியில் பொட்டு வைத்த மீன்

என் தம்பி லண்டனில் இருந்து பெண்சாதியோடு திரும்பி வந்து உடுவிலில் எங்கள் வீட்டில் குடியேறியபோது, கொண்டுவந்த சாமான்களில் பாதி ஒரு கண்ணாடித் தொட்டிக்கானவை. பம்பு, விளக்கு, உப்பு அளக்கிற கருவி, தண்ணீரைக் குளிரவைக்கிற பெட்டி. அக்காவுக்கு ஒரு சேலை. அதுவும் நான் உடுக்காத நிறம்.

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பா இருந்த காலம் முழுக்க அந்த வீடு எனக்குச் சீதனம் என்றுதான் பேச்சு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆனால் சீதனம் எழுதுவதற்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும். வந்தவர்கள் சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். சாதகம் பொருந்திய இடத்தில் என் நிறம் பொருந்தவில்லை. மாப்பிள்ளையும் வரவில்லை, எழுத்தும் நடக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தபால் கந்தோரில் முத்திரை குத்திப் பென்சன் எடுக்கும்வரை அந்த வீட்டில் தனியே கிடந்தவள் நான். எந்த யன்னல் மழைக்கு இறுகும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்தவேண்டும் என்பதெல்லாம் என் கைக்குத்தான் தெரியும். யார் கேட்டாலும் என் வீடு என்றுதான் சொல்வேன். தம்பி வரும்வரை அதை ஒருவரும் மறுத்ததில்லை. அவனும் வாயால் மறுக்கவில்லை.

தொட்டியை ஹோலில், அப்பாவின் சாய்மனைக் கதிரை கிடந்த இடத்தில் வைத்தான். வடக்குக் கரையில் இருந்து பிளாஸ்டிக் கான் கானாகக் கடல்தண்ணீர் வந்தது. கொழும்பில் இருந்து கல்லும், வளர்த்தெடுத்த பவளத் துண்டுகளும் பெட்டியில் வந்தன. பிறகு மீன் ஒன்றும் விடாமல் வெறும் தண்ணீரைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் பதப்படவேண்டுமாம். மீன் இல்லாத மீன்தொட்டியை அயல் முழுக்க வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனது. தேத்தண்ணீர் போட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தம்பிக்கு மீன் தெரியும், அதில் அவனைக் குறை சொல்லமாட்டேன். எதை எதோடு விடலாம், எது பவளத்தைக் கொத்தும், எது இறாலைத் தின்னும், எது தன் இனத்தைக் கண்டாலே கடிக்கும் என்று சாப்பாட்டு மேசையில் அதே கதைதான். எல்லாவற்றிலும் முக்கியமானது வரிசை என்பான். சாதுவான மீனை முதலில் விடவேண்டும், சண்டைக்காரனைக் கடைசியில் விடவேண்டும்.

"முதல் போறது தொட்டி முழுக்கத் தன்ரை எண்டு பிடிச்சிடும் அக்கா. பிறகு வாறதுகளை இருக்க விடாது."

"அதிலை என்ன பிழை?" என்றேன்.

மச்சாள் கறிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். மச்சாள் என்றது தம்பியின் பெண்சாதியை; அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் வந்த முதல் கிழமையே என் அடுப்படியில் ஒரு மீன்குழம்பு வைத்தாள். நான் ருசி பார்த்து, சட்டியைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றி, புளி விட்டு, தூள் போட்டு இறக்கி, "இப்ப தின்னலாம்" என்று அவள் முன்னாலேயே தம்பிக்கு விட்டேன். அவள் தூள் போத்தலை எங்கே வைத்தாலும் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பேன். அவள் ஆசையாக வாங்கிய பூச்சாடி கிணற்றடிக்குப் போனது. இதற்கெல்லாம் நான் வருந்துகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். என் அடுப்படி, என் சட்டி.

முதல் மீனை வாங்க இரண்டு பேரும் கொழும்புக்குப் போனார்கள். சாதுவான ஒரு சின்ன மீன் வாங்குவதாகத்தான் திட்டம். வந்தது வேறு. உடம்பெல்லாம் கறுப்பு, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி, நெற்றியின் நடுவில் இன்னொரு வெள்ளைப் புள்ளி.

"உது சண்டைக்காரன் எல்லே, ஏன்ரா வாங்கினனி?" என்று தம்பியைக் கேட்டேன். அவன் ஓயாமல் சொன்ன கதைகளில் எனக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது.

அவன் பெண்சாதியைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

"நெற்றியிலை பொட்டைப் பாருங்கோவன் மச்சாள். எவ்வளவு மங்களமாக் கிடக்கு. குடிபூரலிலை முதலா உள்ளுக்குப் போறவை பொட்டோடை போறதுதானே முறை."

குடிபூரல் என்றால் எங்கள் ஊரில் புதுவீட்டுக்குள் கால்வைக்கிற சடங்கு. விளக்கோடு முதலில் போகிறவள் சுமங்கலியாக இருக்கவேண்டும். நான் திருநீறு மட்டும் பூசுகிறவள். அதைச் சொல்லும்போது அவள் என் நெற்றியைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் விட்டதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. லண்டனில் அத்தனை வருடம் மீன் வளர்த்தவன், வரிசை தெரிந்தவன், நல்ல நேரம் பார்த்து, தொட்டிக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, பாலும் காய்ச்சச் சொன்னான். பால் பொங்குகிறதா பார்க்க என்னைக் குசினிக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது பொட்டுக்காரி உள்ளே நீந்திக்கொண்டிருந்தாள்.

அவள் வளர்ந்தாள். பொட்டு மங்க மங்கச் சண்டைக் குணம் ஏறியது. பிறகு தம்பி செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளிமீன் சோடி ஒன்றும், வால் தீப்பிடித்ததுபோல நிறமுள்ள மெல்லிய மீன் ஒன்றும் வாங்கிவந்து விட்டான். மெல்லியது இரண்டாம் நாள் காலை பம்பு வாயில் ஒட்டிக் கிடந்தது, கண் இல்லை. கோமாளிகள் மேல் மூலையில் தண்ணீர் விளிம்போடு ஒட்டி நின்றன. கீழே இறங்கினால் அடி. செட்டைகள் கிழிந்து நூலாகத் தொங்கின. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். பென்சன் எடுத்த நாளில் இருந்து எனக்குக் கிடைத்த நல்ல பொழுதுபோக்கு அதுதான்.

மச்சாள் கோமாளிகளுக்காக அழுதாள். உண்மையாகவே அழுதாள், மூக்கெல்லாம் சிவந்து.

"முதல் வந்தது அது. அதின்ரை வீடு" என்றேன். "பொட்டைப் பாத்தியள், சாதகத்தையும் பாத்திருக்கலாம்."

அவள் எழுந்து போய்விட்டாள். நான் அன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன்.

தம்பி ஒரு கிழமை யோசித்தான். பிறகு என்னிடம்தான் வந்தான், வாளி பிடிக்க ஆள் வேண்டும் என்று. பொட்டுக்காரியைக் கொல்லவும் மனமில்லை, கொடுக்கவும் ஆளில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றான்.

"இதைப் பிடிச்சு வாளிக்குள்ளை கொஞ்ச நாள் வைக்கிறது. அதுக்கிடையிலை உள்ளுக்குக் கல்லெல்லாத்தையும் இடம் மாத்தி அடுக்குறது. மற்றதுகள் தங்களுக்கெண்டு இடம் பிடிச்சிடும். பிறகு திருப்பி விட்டால் அதுக்கு ஒரு மூலையும் தெரியாது. அதுதான் புதுசு. அடங்கிடும்."

"கெட்டிக்காரன்தான்" என்றேன். உண்மையில் மெச்சித்தான் சொன்னேன். கல்லெல்லாம் வெளியே எடுத்து, வலை போட்டு, அரை நாள் மினக்கெட்டுப் பிடித்தோம். பிடிக்கும்போது என் விரலில் கொத்தியது. பின் விறாந்தையில் ஒரு வெள்ளை வாளிக்குள் காற்றுக் குழாயோடு அதை வைத்தோம். சாப்பாடு நான்தான் போட்டேன்.

அந்தக் கிழமைதான் அரியாலையில் சின்னம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அம்மாவின் தங்கை, பிள்ளைகள் எல்லாம் கனடாவில், பக்கத்தில் ஆளில்லை. தம்பிதான் வந்து சொன்னான். "கொஞ்ச நாள் நிண்டு பாத்திட்டு வாங்கோவன் அக்கா. உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?" அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். காரில் அவனே கொண்டுபோய் விட்டான். வழியில் மருதனார்மடம் சந்தியில் நிறுத்தி எனக்கு மாம்பழமும் வாங்கித் தந்தான்.

அரியாலையில் கடல்நீரேரிக் காற்று உப்பாக அடித்தது. சின்னம்மாவுக்குப் படுக்கையிலேயே மலச்சட்டி வைத்து எடுத்தேன், புறுபுறுப்பு கேட்டேன். அவள் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்குப் போன் எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ அக்கா, பெயின்ற் அடிக்கினம், மணம் உங்களுக்குச் சரிவராது" என்றான். அடுத்த முறையும் பெயின்ற். எந்த மாளிகைக்கு இவ்வளவு நாள் பெயின்ற் அடிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. சொல்லாமல் ஓட்டோ பிடித்து வந்து இறங்கினேன்.

மச்சாள்தான் கதவைத் திறந்தாள். "வாங்கோ மச்சாள், வாங்கோ, இருங்கோ" என்றாள். வந்தவர்களுக்குச் சொல்வதுபோல.

என் அறையில் ஏசி பூட்டி அவர்கள் கட்டில் கிடந்தது. என் கட்டிலும் அலுமாரியும் அடுப்படிக்குப் பக்கத்தில், நெல் மூட்டை வைக்கிற சின்ன அறையில் இருந்தன. சுவரெல்லாம் புது நிறம். கிணற்றடிக்குப் போன பூச்சாடி ஹோலின் நடுவில் இருந்தது. நான் நேரே குசினிக்குப் போனேன். விறகடுப்பை இடித்துவிட்டிருந்தார்கள். காஸ் அடுப்பு யன்னல் பக்கம் போயிருந்தது, சுவர் முழுக்கப் பொருத்திய பெட்டிகள். தேத்தண்ணீர் போடலாம் என்று ஒரு பெட்டியைத் திறந்தேன், கோப்பைகள். இன்னொன்றைத் திறந்தேன், துணி. நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி எடுத்த தேயிலை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

"விடுங்கோ மச்சாள், நான் எடுத்துத் தாறன்" என்று பின்னால் வந்து நின்றாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

ஹோலில் தம்பி தொட்டிக்கு முன்னால் நின்றான். கல்லெல்லாம் வேறு மாதிரி அடுக்கியிருந்தது. கோமாளிகள் நடுவில் ராசாவும் ராணியுமாக நின்றன. பொட்டுக்காரி மேல் மூலையில், தண்ணீர் விளிம்போடு ஒட்டி நின்றாள். அவள் கொஞ்சம் இறங்கினதும் கோமாளி ஒன்று பாய்ந்து வந்து விரட்டியது.

"பாத்தியளே அக்கா" என்றான் தம்பி. "இப்ப ஒரு சோலியும் இல்லை. அடங்கிட்டுது."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கியா சொன்னான், விளங்காமலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"சின்னம்மாவின்ரை இடுப்பும் நீதான் உடைச்சனியோ?" என்றேன்.

அவன் தொட்டிப் பக்கம் திரும்பினான். கண்ணாடியில் ஏதோ அழுக்கை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். மீன் சாப்பாட்டுப் போத்தல் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து மூலையில், பொட்டுக்காரிக்கு நேரே போட்டேன். அவள் வாயைத் திறக்கமுன் கோமாளி வந்து தின்றுவிட்டுப் போனது. இன்னொரு சிட்டிகை போட்டேன். அதுவும் அப்படித்தான்.

"மச்சாள், சாப்பிட வாங்கோவன்" என்று குசினியில் இருந்து குரல் வந்தது.

அந்த வீட்டில் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிறவள் நானாகத்தான் இருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு போய், அவள் காட்டிய கதிரையில் இருந்தேன்.