ரோமன் பண்ண மாட்டான்

பட்டர் பேப்பரில் பாதி சுருண்டு நின்ற அலையை சுப்புலக்ஷ்மி அழித்துக்கொண்டிருந்தாள். அழிப்பதற்குத் தனி ரப்பர், துகளைத் தட்டுவதற்குத் தனி பிரஷ். அது ஒரு காலத்தில் கணவரின் ஷேவிங் பிரஷ். அவர் தாடி வளர்ப்பது பக்தியினால் என்று மயிலாப்பூர் நம்புகிறது.

ரோமானியர்கள் தரையில் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துச் சித்திரம் செய்தார்களே, அந்தப் பாணியில் இன்று போடுகிற தரைகளுக்குக் கரை வரைந்து கொடுப்பதுதான் அவள் தொழில். முறுக்கிய வடம், சுருளும் அலை, மடிந்து மடிந்து போகும் கோடு. நடுவில் வருகிற மயிலை யார் வேண்டுமானாலும் போடலாம் என்பாள். அவளுக்கு மயில் வராது என்பது வேறு விஷயம். "கோலம் மாதிரியே இருக்கே மாமி" என்று சொல்லிவிட்டவர்களுக்கு அந்த வீட்டில் காபி கிடையாது.

ரோமை அவள் பார்த்ததில்லை. ரோமானியர்களை மட்டும் பக்கத்து ஃபிளாட்காரர்கள் போலத் தெரியும். வெண்டைக்காய் நறுக்குவதிலிருந்து கார் நிறுத்துவது வரை ஒரே தீர்ப்பு: "ரோமன் இப்படிப் பண்ண மாட்டான்." அவள் கரை இதுவரை ஏறிய ஒரே தரை, வேளச்சேரியில் ஒரு பீட்சா கடையின் கழிப்பறை. ஒவ்வொரு பெருமழைக்கும் அது அசல் ரோமானியக் குளியலறை ஆகிவிடும்.

இப்போதுதான் அடையாறில் ஒரு பெரிய கூடம் வாய்த்திருக்கிறது. தி. நகர் ஜவுளிக்கடை நல்லசிவத்தின் புது வீடு. நான்கு சுவரையும் சுற்றி ஒரே அலை, எங்கும் அறுபடாமல் ஓடும்படி வரைந்திருந்தாள். பார்த்ததும் அவர் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார்.

"யம்மா, எடப்பக்கம் அலை உள்ள வருது, சரி. வலப்பக்கம் வாசலப் பாத்துல்லா ஓடுது. லட்சுமி வெளிய போயிருவா. ரெண்டு பக்கமும் உள்ளதான் வரணும்."

"அப்படின்னா பின் செவுத்துல ரெண்டும் முட்டிண்டு நிக்குமே."

"முட்டுன எடத்துல நம்ம கடை முத்திரையப் போட்டுருங்க."

"ரோமன் பண்ண மாட்டான்."

"ரோமனா இங்க குடியிருக்கப் போறான்? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. இல்லேன்னா பிரிண்ட் போட்ட டைல்ஸ ஒட்டிருவேன்."

கடை முத்திரை என்பது கைகூப்பிய ஒரு யானை. வியாழன் மாலை வரை அவள் அழித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது மாடிவீட்டு மதுவந்தி வந்தாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு போன வாரம்தான் துனிசியாவிலிருந்து திரும்பியவள். மாமியின் புலம்பலைக் கேட்டுவிட்டு, அங்கே எடுத்த பழைய ரோமானியத் தரை ஒன்றின் படத்தைப் போனில் காட்டினாள். இரண்டு பக்கத்து அலைகளும் சுவர் நடுவில் வந்து முட்டுகின்றன. மிச்சமிருந்த சந்தில் யாரோ ஒரு குட்டி அலையை நசுக்கித் திணித்திருக்கிறார். கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் போல அது நின்றது.

"பாருங்கோ மாமி, ரோமனே பண்ணிருக்கான்."

சுப்புலக்ஷ்மி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"இவன் ரோமன் இல்லேடி. கான்ட்ராக்டர்."

"உங்களுக்கு அனுப்பட்டுமா?"

"இந்தக் கண்றாவி எனக்கெதுக்கு?" என்றவள், அடுக்களைப் பக்கம் கைகாட்டி, "டிகாக்‌ஷன் இறங்கியிருக்கு. பாலைக் காய்ச்சி நீயே கலந்துண்டு வா. போன் இங்கேயே இருக்கட்டும், அடுப்புகிட்டே வேண்டாம்" என்றாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டதும் பட்டர் பேப்பரை எடுத்துப் போனின் மேல் விரித்தாள். திரை அணையப் போகும்போதெல்லாம் இடது கட்டைவிரலால் தட்டி எழுப்பியபடி, அந்த நசுங்கிய அலையை மூச்சைப் பிடித்துக்கொண்டு நகலெடுத்தாள்.