ம் கொட்டியதில் அவிழ்ந்த புரதம்

எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உருப்படியான கணினி ஒன்றுதான் உண்டு. அதை அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்வது என்று முதல்வர் அம்மா முடிவு செய்துவிட்டார். "பொம்மை ஓட்டுறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய மெசினு?" என்றார். நான் விடுவதாக இல்லை. "ஒரு தடவை வந்து பாருங்க மேடம், அப்புறம் தூக்கிட்டுப் போங்க" என்றேன். ஐம்பதைத் தொட்ட பிறகு இத்தனை வீராப்பு எனக்கு வீட்டுக்கு வெளியேதான் வாய்க்கிறது.

பொம்மை என்று அவர் சொன்னது தண்ணீரில் மிதக்கும் ஒரு சிறு புரத மூலக்கூறை. அதன் அணுக்கள் எப்படி நகரும் என்று கணினி கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். வழக்கமாக ஓட்டி முடித்த பிறகுதான் ஆராய்வோம். நானோ கோடை விடுமுறை முழுக்க ஆலங்குடி பஸ்ஸில் வந்து போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனோடு பேசும்படி ஒரு செயற்கை நுண்ணறிவை இணைத்திருந்தேன். உள்ளே நடப்பதை அது தமிழில் சொல்லும். நாம் சம்மதித்தால் சூட்டைக் கூட்டும், குறைக்கும்.

முதல்வர் வந்து அமர்ந்தார்.

"புரதம் சுருண்டு நிலையாக இருக்கிறது. வெப்பத்தைச் சற்றுக் கூட்டட்டுமா?" என்றது இயந்திரம்.

"ம்" என்றார் முதல்வர்.

எங்கள் பக்கம் யார் எதைச் சொன்னாலும் ம் கொட்டிக் கேட்பதுதான் மரியாதை. மரியாதையில் அவர் குறை வைக்கவில்லை. இயந்திரம் கேட்கக் கேட்க ம், ம் என்றார். ஒவ்வொரு ம்முக்கும் அது சூட்டை ஏற்றியது. இதை இணைத்த மேதைக்கு உறைப்பதற்குள் புரதம் குலைந்துவிட்டது.

"என்ன சார், கொண்டை அவுந்த மாதிரி கெடக்கு?"

"முட்டையை வேகவச்சா உள்ள இதான் மேடம் நடக்கும்."

"அதுக்கு எங்க வீட்ல அடுப்பு இருக்கு சார்." எழுந்துவிட்டார். "வயரைக் கழட்டச் சொல்றேன்."

"உக்காருங்க மேடம். இன்னும் முடியல."

அந்தக் குரல் எனக்கே புதிது. அவரும் திகைத்து உட்கார்ந்தார். ம் என்றால் கேட்கிறோம் என்று மட்டுமே பொருள், எத்தனை டிகிரி என்று யாராவது வாய்விட்டுச் சொல்லாமல் சூட்டைத் தொடக்கூடாது என்று தட்டச்சு செய்தேன். புரதம் குலைவதற்கு முன் சேமித்திருந்த நிலையிலிருந்து மறுபடி ஓட்டினேன்.

"வெப்பத்தைக் கூட்டட்டுமா?"

"ம்."

"கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நன்றி. கூட்டுவதென்றால் எத்தனை டிகிரி?"

முதல்வர் சிரித்துவிட்டார். "அஞ்சு கூட்டுப்பா."

"கூட்டிவிட்டேன். ஓரத்தில் ஒரு பிணைப்பு தளர்கிறது."

"எங்க? இங்கிட்டா?" நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அது காட்டியது. அவர் சூட்டைக் குறைக்கச் சொன்னார். பிணைப்பு மெல்லத் திரும்பி ஒட்டியது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.

போகும்போது வாசலில் நின்றார். "மெசினு இங்கயே இருக்கட்டும் சார். ஆனா ஸ்டாஃப் மீட்டிங் அன்னிக்கு மட்டும் எனக்குத் தாங்க. அங்கயும் எல்லாரும் ம்முனுதான் சொல்றீங்க, ஒரு வேலையும் நடக்க மாட்டேங்குது."

நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.