சுவர்க்காரி வாயைத் திறக்காத நாள்

ஸ்டூடியோவில் அவளுக்குப் பேரே சுவர்க்காரி. சிமென்ட் சுவர் இல்லை. மூன்று ஆள் உயரத்துக்கு வளைந்து நிற்கும் எல்.இ.டி. சுவர். அதில் கடலோ காடோ ஓடும், முன்னால் நடிகர்கள் நிற்பார்கள், கேமரா இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது பிடித்ததுதான், அப்புறம் உட்கார்ந்து ஒட்டுப்போடுகிற கதையெல்லாம் கிடையாது. கச்சேரி மேடைகளுக்குத் திரை பூட்டிக்கொண்டிருந்தவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அண்ணன், செட் போடும் தச்சர். ஒன்பது வருஷத்தில், எந்தப் பலகையில் சிவப்பு மங்கும், எது சூடேறினால் கண் சிமிட்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவளுக்கு மேலே ஒருவன் இருந்தான். மேதை என்பார்கள். கிண்டலாகத்தான் சொல்கிறார்கள் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது.

கடற்கரை வீடு ஒன்று தீப்பிடித்து எரிகிற காட்சி. அதற்கான அந்திக் கடலை ஒரு மாதம் உட்கார்ந்து செய்தவள் அவள். டைரக்டர் பார்த்து அசந்துபோனார்.

"யாருய்யா செஞ்சது?"

"எல்லாம் நான்தான் சார். ஒவ்வொரு பட்டனும் நான் சொல்லித்தான் அமுங்கும்," என்றான் மேதை, கூசாமல்.

"சார், அடிவானத்துல மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அம்மா தாயே! நீ பட்டன் அமுக்குற ஆளு. நான் சொன்னா அமுக்கு. சொல்லாத வரைக்கும் வாயைத் திறக்காதே," என்று வெட்டினான் மேதை.

நாற்பது பேர் சிரித்தார்கள். அவள் மென்று விழுங்கினாள், செரிக்கவில்லை. பல் தேய்க்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அந்தச் சிரிப்பு காதுக்குள் கேட்டது. "இருடா, உனக்கு இருக்கு," என்று குழாய்த் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. அண்ணன் நாற்பது நாள் பாடுபட்டு வீட்டை நிறுத்தியிருந்தார். எரியப்போகிறதுதானே என்று ஏனோதானோவென்று செய்கிற ஆள் இல்லை அவர். ஜன்னலுக்குக்கூட நிஜக் கீல். கொளுத்தினால் ஒரே தடவைதான்.

எந்தக் கேமராவைப் பின்தொடர வேண்டும் என்று சுவருக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கேமரா நகர நகர, கடலும் ஈடுகொடுத்து நகரும். அப்போதுதான் பார்க்கிறவன் கடல் என்று நம்புவான். கடைசி நிமிஷத்தில் மேதை, "முதல் கேமரா வேண்டாம், ரெண்டாவதுல எடுப்போம்," என்றான். சுவரை மாற்றச் சொல்ல மறந்துவிட்டான். அவளுடைய திரையில் 'கேமரா 1' என்றே பச்சை எரிந்தது. மாற்ற ஒரு விசை போதும்.

"சுவர் ரெடியா?" என்றார் டைரக்டர்.

"ரெடி சார்!" என்றான் மேதை, அவள் பக்கம் திரும்பாமலே.

தீ கூரையைப் பிடித்தது. அவள் விரல் விசைமேலேயே இருந்தது. இப்போது அமுக்கினால்கூடப் பாதியாவது தேறும். சொல்லாத வரைக்கும் வாயைத் திறக்காதே என்றாயே, இதோ திறக்கவில்லை, பாரு! கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடடா, என்ன சுகம்!

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். வீட்டைச் சுற்றிக் கேமரா போகிறது. கடல் காலண்டர் படம் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் யாரோ அனல் தாங்காமல் முதல் கேமராவைத் தள்ளிவிட, மொத்தக் கடலும் கிளம்பி வலப்பக்கம் போனது.

"இது அவ வேலை சார்!" என்று கத்தினான் மேதை.

"ஒவ்வொரு பட்டனும் நீ சொல்லித்தான் அமுங்கும்னியே. இதை அமுக்கச் சொன்னியா?" என்றார் டைரக்டர்.

மேதையின் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலத்துக்குள் அவன் நாற்காலி காலி. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அவன் விஷயத்தில் இன்றுவரை அவளுக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

மறுநாள் காலையில் கரிக்குவியலுக்குள் குனிந்து அண்ணன் கீல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவரிடம் அவளுக்குப் பொய் வராது. "தெரியும்ணே. அவன் என்னை அத்தனை பேர் முன்னாடி..."

"அவன் மேல உள்ள கோவத்துக்கு எரிஞ்சது யாரு வீடு?"

அவளும் குனிந்து ஒரு கீலைப் பொறுக்கினாள்.

இன்னொரு நாற்பது நாள். அதே வீடு, அதே கீல்கள். அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேதையின் நாற்காலியில் இப்போது அவள்தான்; ஆசைப்பட்டதுதான், ஆனால் அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே அவர் முதுகுதான் தெரிந்தது.

மறுபடியும் கொளுத்துகிற நாள்.

"சுவர் ரெடியா?" என்றார் டைரக்டர்.

அவள் பதில் சொல்லுமுன் செட்டுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது: "நல்லாக் கேட்டுக்குங்க சார். இந்தத் தடவையாவது வாயைத் திறந்து சொல்லட்டும்."

விஷயம் தெரியாமல் நாற்பது பேரும் சிரித்தார்கள். அவள் விசையை அமுக்கினாள்.

"ரெண்டாவது கேமரா. சுவர் ரெடி," என்றாள், அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தான் செய்த கதவைத் தானே சாத்திவிட்டு, தண்ணீர் வாளி பக்கம் போய் நின்றுகொண்டார்.