சுவரில் ஓடிய வாய்க்கால்

போன வருடம் பொங்கல் விடுமுறையில், கோயமுத்தூரில் ஒரு குளக்கரையில் நடந்தது இது. நாங்கள் சூலூர்க்காரர்கள். வீட்டோடு சேர்த்துத் தறி போட்டிருக்கிறோம். துபாயில் இருக்கிற என் நாத்தனார் பொங்கலுக்கு வந்திருந்தாள். வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணி, அங்க பாலைவனத்துக்கு நடுவுல ரிசார்ட்டுக்குப் போற வழியெல்லாம் சிலை வெச்சிருக்காங்க. சுவரு சுவரா படம். நம்மூர்ல என்ன இருக்குது, போஸ்டர் ஒட்டறதத் தவிர?”

எனக்குச் சுருக்கென்றது. ஊரைக் குறை சொன்னால் எனக்கு ஆகவே ஆகாது. “கெளம்பு, காட்டறேன்” என்று ஸ்கூட்டரை எடுத்தேன். தறிச் சத்தத்திலேயே கிடக்கிற எனக்கும் ஒரு நாள் ஊர் சுற்ற ஆசைதான். என் வீட்டுக்காரர், “ரெண்டு பேரும் சண்டை போடாம வந்து சேருங்க” என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

முதலில் மேம்பாலத் தூண்களில் வரைந்திருந்த மயிலையும் காங்கேயம் காளையையும் காட்டினேன். அப்புறம் ரவுண்டானா பக்கம், பழைய செயின், பல்சக்கரம், நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் பற்றவைத்துச் செய்த இரும்பு யானை. லேத் பட்டறை ஊருக்கு அதைவிடப் பொருத்தமான சிலை வேறு உண்டா? அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள். “பரவாயில்ல அண்ணி” என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவதே பெரிய விஷயம்.

கடைசியாகத்தான் குளக்கரைக்குப் போனோம். நடைபாதையை ஒட்டி நீளமான சுவர். சுவர் முழுக்கத் தென்னந்தோப்பு, நடுவே வாய்க்கால், மடையில் தண்ணீர் நுரைத்துப் பாய்கிற மாதிரி ஒரு ஓவியம். அடேயப்பா, கிட்டப் போனால் கால் நனைந்துவிடும் போலிருந்தது. அந்த வாய்க்காலுக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. உள்ளங்கையைச் சுவரில் அந்தத் தண்ணீர்மேல் வைத்தபடி அசையாமல் நின்றார்.

நாத்தனார் கைபேசியை நீட்டி ஒரு படம் எடுத்துவிட்டாள். அவர் நடுவில் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பேச்சில் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. “ஏனுங்கய்யா, ஒரு போட்டோ எடுத்துக்கறமுங்க. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”

அவர் திரும்பி, முகம் மலர்ந்து சிரித்தார். “அதுக்கென்ன கண்ணு, நல்லா எடுத்துக்கோ. நான் போயி மடையத் தெறந்து உட்டுப்போட்டு வாரேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியிறங்கிக் கரையோரமாகப் போனார். பக்கத்துப் புல்வெளியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற ஆள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் பேசியதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் நாத்தனாருக்கு வெயில் கண்ணில் அடித்து முகம் சுருங்கிவிட்டது. முதல் படத்தில்தான் சுவர் நன்றாக இருக்கிறது என்று, பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். படத்தில் அவர்மேல் விரலால் தேய்த்து அழித்தாள். துண்டு போனது, தலை போனது, வாய்க்கால்மேல் இருந்த கை போனது. சுவர் சுத்தமாக வந்துவிட்டது.

“பாருங்க அண்ணி, ஆளையே காணாமப் பண்ணிப்போட்டேன்.”

ரெண்டு பேரும் சிரித்தோம். கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் அந்தப் பெண் ஓடிவந்தாள். நாற்பது வயதிருக்கும். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டபடி, ரெண்டு காலிலும் வேறுவேறு செருப்பு. வழியில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் கைபேசியைக் காட்டிக் கேட்டுக்கொண்டே எங்களிடம் வந்தாள். “ஏனுங்க, இவரப் பாத்தீங்களா? எங்கப்பாருங்க. நெனப்பு நிக்கறதில்லீங்க அவருக்கு. கதவு தெறந்திருந்துருச்சுங்க.”

படத்தில் இருந்தது சுவரில் கை வைத்து நின்ற அதே பெரியவர். நாத்தனார் தன் கைபேசியை எடுத்தாள். அதில் இருந்த படத்தில் அவர் இல்லை. அழித்ததை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள். கை வந்தது, தலை வந்தது, துண்டு வந்தது.

“எங்கப்பாருதானுங்க! எங்க போனாருங்க?”

“மடையத் தெறந்து உடப் போறேன்னாருங்க” என்று நான் கரையைக் காட்டினேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. “ஐயோ, தண்ணிங்களே!” என்று கத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

நாங்களும் பின்னாலேயே ஓடினோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். காவலாளி விசில் ஊதினார். யாரோ தீயணைப்பு வண்டிக்குச் சொன்னார்கள். கடவுளே, வேறு தெருவில் எங்காவது நிற்கட்டும், டீக்கடையில் உட்கார்ந்திருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டே இருந்தேன். கரைச் சரிவில் சேறு வழுக்கின தடம் இருந்தது. ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த இடத்தில், கரைக்கு ரொம்பப் பக்கத்திலேயே அவரைக் கண்டுபிடித்தார்கள். மார்பளவு தண்ணீர்கூட அங்கே இல்லை என்றார்கள். மேலே கொண்டுவந்தபோது ரெண்டு கையிலும் ஆகாயத்தாமரையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். மடை அடைத்துக்கொண்டது என்று பிடுங்கியிருப்பாரோ என்னவோ. உயிர் இல்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே பேசினாள். கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டமாம், மடை திறந்து தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சியே காலம் கழித்தவராம். அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டிவந்து வைத்திருக்கிறாள்.

“வெளியாளுக்குத் தெரியவே தெரியாதுங்க. யாரு கூப்ட்டாலும் சிரிச்சுட்டு, மரியாதையாப் பதில் சொல்லீருவாருங்க. பக்கத்து ஊட்டுக்காரங்ககூட, நல்லாத்தான இருக்காரு, நீதான் பூட்டி வெச்சுக் கொடுமப்படுத்தறேன்னு என்னைய வைவாங்க.”

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். “கடைசியா உங்ககிட்டத்தானுங்க பேசிருக்காரு. என்ன சொன்னாரு, இன்னொருக்காச் சொல்லுங்க.”

நாத்தனார் அழுகையோடு அப்படியே சொன்னாள்.

“கண்ணுன்னா சொன்னாரு?”

“ஆமாங்க.”

“என்னைய அடையாளமே தெரியலீங்க அவருக்கு. சோறு போட்டா, ‘நீங்க யாரு ஊட்டு அம்மணி’ன்னு கேப்பாருங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா கண்ணுன்னு கூப்புட மாட்டாரான்னு இருந்தனுங்க.” தரையில் அறைந்து அறைந்து அழுதாள். நாத்தனார் அவள் பக்கத்தில் போய் உட்காரவும் முடியாமல், விலகி நிற்கவும் முடியாமல் தவித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது, “விதி, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. விதியாம், மண்ணாங்கட்டி! நாங்கள் மரியாதையாகத் தள்ளி நிற்கச் சொன்னோம். அவரும் மரியாதையாகத் தள்ளிப் போனார். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஒரு உயிர் போய்விட்டது. எங்கள் கொங்குப் பேச்சின் மரியாதையை எல்லோரும் புகழும்போது முன்னெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது அந்தச் சிரித்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

நாத்தனார் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு துபாய்க்குத் திரும்பிப் போனாள். நான் இப்போது பஸ் ஸ்டாண்டிலோ கோயிலிலோ வயதானவர் யாராவது தனியாக நின்றால், “யாருங்கய்யா கூட வந்திருக்காங்க, ஊடு எங்கீங்க?” என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். ஒருவர், “உனக்கெதுக்கு அந்தப் பஞ்சாயத்து?” என்று நடுரோட்டில் வைத்தே கேட்டார். கேட்கட்டும்; ஒருவருடைய நல்ல பேச்சை நம்பி, அவர் நன்றாக இருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டு நகர்ந்து போகிற தைரியம் எனக்கு இனி இந்த ஜென்மத்தில் வராது.