பாஸ்போர்ட்டை முதல் நாளே கொடுத்துவிடு

எங்கள் கூத்தாநல்லூரில் வெளிநாட்டுக்குப் புறப்படுகிற யாரும் ஹாஜா மைதீன் மச்சானின் கடையைத் தாண்டிப் போக முடியாது. கடைத்தெருவில் சூட்கேஸும் பயணப் பையும் விற்கிறார். வாங்கிய பெட்டியை எடை போட்டு, நைலான் கயிறு கட்டி, பெயரையும் விலாசத்தையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பார். கூடவே புத்திமதியும் உண்டு. அது இலவசம் என்பதால் சீக்கிரம் நிறுத்தவும் மாட்டார். வளைகுடாவில் ஒரே முதலாளி வீட்டில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்தவர். அந்த அனுபவத்துக்கு முன்னால் என் பி.எட். எல்லாம் நிற்காது. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறேன். அவர் என் அக்கா கமருன்னிஸாவின் வீட்டுக்காரர்.

அவர்களுடைய ஒரே மகள் ஷிஃபா தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். போன வருஷம் எக்ஸ்சேஞ்ச் மாணவியாக ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதியில் இடம் கிடைக்கும்வரை ஹன்னா என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவின் வீட்டில் தங்க ஏற்பாடு. ஊரே கொண்டாடியது. மச்சான் கடையிலேயே நல்ல பெட்டியை எடுத்துவந்து, ஊறுகாய் பாட்டிலை வேட்டித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

“அந்த வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்ட நீயே எடுத்து அந்தம்மா கையில குடுத்துடு. அவங்களா கேக்குறவரைக்கும் வச்சுக்காத. வீட்டுக்காரங்க நிக்கிறப்ப நீ உக்காராத. கேக்காம வாசப்படி தாண்டாத. யார் என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லு, புரியுதா?”

“சரி அத்தா” என்றாள் ஷிஃபா. தகப்பன் பேச்சைத் தட்டாத பெண்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மச்சான், அவ படிக்கப் போறா. வீட்டு வேலைக்கா போறா?”

“வெளிநாடுன்னா எல்லாம் வெளிநாடுதான் மாப்ளே. நீ பாண்டிச்சேரியத் தாண்டினதில்ல, சும்மா இரு.”

அது உண்மைதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது. இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம்.

அவள் போய்ப் பத்து நாள் இருக்கும். குறுவை அறுப்பு முடிந்து திருவாரூர் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் கடைக்குப் போனபோது மச்சான் போனைக் கையில் வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“காலேஜ் மேடம் ஜெயபாரதி பேசினாங்க. ஷிஃபாவப் பத்தி அங்கேருந்து மெயில் வந்திருக்காம். நாளைக்கு மூணரை மணிக்கு வீடியோவுல நம்மகிட்ட பேசணுமாம். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க போலருக்கு மாப்ளே.”

“என்ன பண்ணினாளாம்?”

“தெரியல. எதுத்துப் பேசிட்டாளோ என்னவோ.”

நான் ஜெயபாரதி மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் மெயிலைப் படித்துக் காட்டினார். ஷிஃபா ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் அங்கே பிரச்சினையாகியிருந்தது. வந்த அன்றே பாஸ்போர்ட்டை ஹன்னாவிடம் நீட்டியிருக்கிறாள். ஹன்னா இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தும் இவள் வாங்கவில்லை. விடியுமுன் எழுந்து பாத்ரூம் கழுவுகிறாள். ஹன்னா நின்றால் இவளும் எழுந்து நிற்கிறாள். தெருமுனைக் கடைக்குப் போகவும் அனுமதி கேட்கிறாள். எப்படி இருக்கிறாய் என்றால் ஒரே பதில்தான், நன்றாக இருக்கிறேன். பெண்ணை யாரோ மிரட்டி அனுப்பியிருக்கிறார்களோ என்று ஹன்னா பயந்துவிட்டார். அவளுக்கு அங்கே இருக்க விருப்பமில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் மெயிலின் சாரம்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மச்சானுக்கு அது பிடிபடவே இல்லை. “நான் சொன்னபடிதானே நடந்திருக்கா? அப்புறம் ஏன் அனுப்புறேங்கிறாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். திருப்பி அனுப்பினால் அவள் படிப்பு என்ன ஆகும், ஊர் என்ன பேசும் என்று நினைத்து அக்கா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அக்கா வீட்டுக் கூடத்தில் என் லேப்டாப்பை வைத்து மூவரும் உட்கார்ந்தோம். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர்கூடப் பூசியிருந்தார். திரையில் ஷிஃபா, பக்கத்தில் ஹன்னா, அந்தப்புறம் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஓர் அதிகாரி. நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் மகள் பாஸ்போர்ட்டை ஏன் இன்னொருவரிடம் ஒப்படைத்தாள்?

ஷிஃபா முந்திக்கொண்டாள். “அத்தாதான் குடுக்கச் சொன்னாங்க மாமா. அதச் சொன்னா அத்தாவத் தப்பா நினைப்பாங்களேன்னுதான் இவங்ககிட்ட சொல்லல.”

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கம்போல் ஒரு பெரிய விளக்கம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சொல்லு மாப்ளே. நான் போன அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கி இரும்பு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. எல்லாருக்கும் அப்படித்தான். கொடுக்க மாட்டேன்னு நின்னவன மொத நாள்லேருந்தே ஆகாதவனா நடத்தினாங்க. எப்படியும் வாங்கத்தான் போறாங்க, நாமளே குடுத்துட்டா எம்பொண்ண மரியாதையா வச்சுக்குவாங்கன்னு சொன்னேன்.”

நான் இங்கிலீஷில் சொன்னேன். ஹன்னா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“இன்னும் இருக்கு, சொல்லு. எங்கம்மா மௌத்தானப்ப அங்க பக்கத்துல இருந்த கடைக்குப் போன் வந்துச்சு. மொதலாளி கால்ல விழாத குறையா பாஸ்போர்ட்டக் கேட்டேன். வீட்ல ஒரு கல்யாணம் இருக்கு, வண்டி ஓட்ட ஆளில்ல, அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டார். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் கல்யாணத்துக்கு வந்தவங்கள ஏத்தி இறக்கினேன்.”

இந்தக் கதை எனக்கே புதிது. எங்கள் குடும்பத்தில் இருபத்தாறு வருஷமாக ஓடுகிற கதை வேறு. பெற்ற தாயின் ஜனாஸாவை அடக்கம் செய்யக்கூட வராமல், வேலைதான் பெரிது என்று அங்கேயே இருந்துவிட்டான் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் மாமியாரின் கடைசி மூச்சுவரைக்கும் பக்கத்தில் இருந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் அக்கா. அவளும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரோடு குடும்பம் நடத்தினாள். முதலாளி தங்கமானவர் என்றே மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டிய பீரோவுக்கு முன்னால் கெஞ்சி நின்றதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

எப்படியோ இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். எத்தனை இலக்கணப் பிழை விட்டேனோ, அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஹன்னா எழுந்து போனார். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஷிஃபாவின் உள்ளங்கையை விரித்து, பாஸ்போர்ட்டை வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். நான் சொன்னேன்: “இது உங்க பொண்ணோடதாம் மச்சான். யாரு கேட்டாலும் குடுக்க வேணாமாம். வெளிய போறப்ப எப்ப வருவேன்னு மட்டும் சொன்னாப் போதுமாம், சோறு எடுத்து வைக்கணுமில்ல, அதுக்காக. அப்புறம் பாத்ரூம் கழுவுற முறை அந்தம்மாவுக்கும் உண்டாம்.”

அதிகாரி சிரித்துவிட்டார். ஷிஃபா அங்கேயே இருந்து படிக்க விரும்புகிறாளா என்று கேட்டார். “விரும்புறேன்” என்றாள். அழுதுகொண்டே அதை மூன்று தரம் சொன்னாள். அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. மச்சான் அத்தர் மணக்கும் சட்டையோடு அப்படியே பாயில் சாய்ந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திரை அணைந்த பிறகுதான் அக்கா கேட்டாள்.

“ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இத்தன வருஷமா உங்கள மனசுக்குள்ள வைஞ்சிருக்கேனே.”

“சொன்னா நீ பயப்படுவ. திரும்ப என்னை அனுப்ப மாட்ட.”

“அனுப்பியிருக்க மாட்டேன்தான்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அன்று அவள் வைத்த கறி ஆணம்போல் நான் சாப்பிட்டதில்லை. மச்சான் மூன்று தரம் சோறு வாங்கினார். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் கபுர்ஸ்தானுக்குப் போனபோது, எப்போதும் தனியாகப் போகிறவர், “வர்றியா மாப்ளே” என்று என்னைக் கூப்பிட்டார். அவருடைய தாயாரின் கபுருக்கு முன்னால் நின்று நானும் துஆ கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன், அவரிடம் அல்ல, வெளியே சொல்லவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிஃபா கூப்பிட்டாள். பின்னால் ரயில் நிலையச் சத்தம்.

“அத்தா, பக்கத்து ஊருக்கு வந்திருக்கேன். யார்கிட்டயும் கேக்கல. ஆறு மணிக்கு வந்துடுவேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.”

“பாஸ்போர்ட்டு?”

“ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கேன். சாவி எங்கிட்டதான்.”

“சரி. இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க.”

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று நான் தலையில் கையை வைத்தேன்.

“நாளைக்கே உங்கம்மாவுக்கோ எனக்கோ ஒண்ணுன்னா, யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத. பெட்டிகூட வேணாம். பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்துடு.”

“நல்ல வார்த்தையாப் பேசுங்க” என்று அடுப்படியிலிருந்து அக்கா அதட்டினாள்.

“நல்ல வார்த்தைதான்டி பேசுறேன்” என்றார் மச்சான்.