பால் அறைக்கு ஒலிபெருக்கி வேண்டாம்

நாங்கள் புதிய மாட்டுக் கொட்டகை கட்டிய ஆண்டு என் கணவன் செவெரினுக்கு ஐம்பத்திரண்டு வயது. எண்பது மீட்டர் நீளம், தகரக் கூரை, நூற்றிருபது பசுக்கள். பழைய கொட்டகையில் பதினோரு பசுக்களும் ஆணியில் மாட்டிய ஒரு வானொலியும்தான் இருந்தன. பகல் முழுக்க யாராவது பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருந்தால் வாளி விழுந்தாலும் மாடு மிரளாது. எங்கள் பொத்லாசியா பக்கம் வானொலி இல்லாத கொட்டகையே கிடையாது.

அதே வானொலியைப் புதிய கொட்டகையின் நடுவில் தொங்கவிட்டோம். அதற்குக் கீழே நின்ற மாடுகள் சத்தம் பொறுக்காமல் நகர்ந்துவிட்டன. கோடியில் நின்றவற்றுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவு அடித்துக்கொண்டால் துள்ளின. மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும். செவெரின் மிஞ்சிய சுவர்க்காகிதச் சுருளை எடுத்துத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கொட்டகையை வரைய ஆரம்பித்தான். ராணுவத்தில் இரண்டு ஆண்டு வானொலிப் பிரிவில் இருந்தவன். நான் வேளாண் கல்லூரியில் படித்தவள். ஆனாலும் மாட்டின் காதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவன் பத்தடிக்கு ஒருமுறை வைக்கோலில் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பான். பக்கத்துப் பண்ணை கெனெக் அதைப் பார்த்துவிட்டான்.

“டேய் செவெரின், தேவாலயம் அந்தப் பக்கம்டா!”

“வாய மூடிட்டு நீயும் குனி. படுத்திருக்குற மாட்டோட காது இந்த உயரத்துலதான் இருக்கு.”

“என் காது மாட்டுக் காதுன்னு என் பொண்டாட்டி எப்பவோ சொல்லிட்டா.”

இரண்டு பெரிய ஒலிபெருக்கி வைத்தால் ஒரு இடத்தில் கத்தும், இன்னொரு இடத்தில் ஊமையாகிவிடும். அதனால் சின்னதாகப் பதினாறு, ஐந்து மீட்டருக்கு ஒன்று, எல்லாமே தாழ்ந்த குரலில். மாடு எதையும் நக்கிப் பார்க்கும், ஆகவே கம்பிகள் குழாய்க்குள். மூத்திர ஆவி செம்பை அரித்துவிடும், ஆகவே ஒலியைப் பெருக்கும் பெட்டி மட்டும், கறந்த பால் வந்து சேரும், நான் வேலை செய்யும் பால் அறையில். வரைபடத்தில் அந்த அறைக்கு நேராக அவன் எழுதியிருந்தது: ‘இங்கே ஒலிபெருக்கி வேண்டாம். இங்கிருந்து கொட்டகை கேட்க வேண்டும்.’

நான் சண்டைக்குப் போனேன். “மாட்டுக்குப் பதினாறு, எனக்கு ஒண்ணு கூட இல்லையா?”

“லுட்கா, அங்க ஒரு மாடு வழுக்கி விழுந்தா முதல்ல உன் காதுக்குத்தானே தெரியணும்?”

“அதுக்காக வாழ்நாள் பூரா நான் மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கிட்டு நிக்கணுமா? உன் மாடாப் பொறந்திருக்கலாம் நான்.”

அவன் சிரித்தான். ஆகஸ்டில் என் பெயர்த் திருநாள், என் பெயர் கொண்ட புனிதரின் நாள், வந்தது. காலையில் பால் அறைக்குள் போனால் பதினேழாவது ஒலிபெருக்கி சுவரில் இருந்தது, சிவப்பு நாடா கட்டி. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் எனக்கென்று தனித் திருகு. காகிதத்தில் எழுதியதை மட்டும் அவன் அடிக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் அது நன்றாகப் பாடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை மட்டும் எல்லாவற்றையும் அணைத்துவிடுவான். அன்று மாடுகள் பேசும் என்பார்கள். “அதுங்க பேசுறப்ப நாம குறுக்க பேசக் கூடாது” என்பான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

போன பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், தலையீற்றுக் கிடாரி ஒன்று கன்று போடும் நேரம். செவெரின் கோடியில் இருந்த ஈற்றுத் தடுப்புக்குள் போனான். நான் பால் அறையில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிடித்த பாட்டு ஒன்று வந்தது. திருகைக் கூட்டினேன். அடுத்த பாட்டும் நன்றாகவே இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துத் தேநீருக்குக் கூப்பிடப் போனேன். கிடாரி அவனைக் கம்பியோடு சேர்த்து நெரித்திருந்தது. விலா எலும்பு நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டில் அவனைக் கிடத்தி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த இரண்டாம் நாள், கெனெக் அடுக்களைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே நின்றான்.

“லுட்கா, அன்னைக்கு அஞ்சு மணிக்கு உங்க வேலியோரமாத்தான் போனேன். கொட்டகையில ஒரு ஆம்பளக் குரல் கேட்டுச்சு. வானொலி நாடகம்னு நெனச்சுட்டேன். உங்க கொட்டகையிலதான் எப்பவும் ஒருத்தன் பேசிக்கிட்டே இருப்பானே.”

“என்ன சொன்னான்?”

“வார்த்தை பிடிபடல.”

“எத்தனை தடவை?”

“அதெல்லாம் கேக்காத.”

“கெனெக், எத்தனை தடவை?”

“மூணு. நாலு இருக்கும்.” அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். “நான்தான் கொன்னுட்டேன்.”

இல்லை என்றேன். வேலிக்கு அப்பால் நடந்து போனவனுக்கு என்ன தெரியும் என்றேன். நான் எங்கே இருந்தேன் என்பதை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று காலை, பெட்டி வீட்டை விட்டுப் போகும் முன் மாடுகளுக்குச் சொல்ல வேண்டும். அவற்றை எழுப்பி நிறுத்தி, எஜமான் போய்விட்டான் என்று சொல்லாவிட்டால் அவையும் பின்னாலேயே போய்விடும் என்பது எங்கள் வழக்கம்.

“மைக்ல சொல்லிடலாமே” என்றான் கெனெக். “செவெரின் அதுக்கும் வழி வச்சிருக்கான். ஒரே நேரத்துல எல்லாத்துக்கும் கேக்கும்.”

“வேணாம்.”

மின்சாரத்தை அணைத்தேன். கறுப்பு உடைக்குக் கீழே கொட்டகை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, முதல் மாட்டிலிருந்து தொடங்கினேன். முதுகில் கை வைத்து, “எழுந்திரு. செவெரின் போயிட்டான்.” பிறகு அடுத்தது. நூற்றிருபது. பாதிரியார் இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

கடைசியாக ஈற்றுத் தடுப்பு. அந்தக் கிடாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அதனிடம் வழக்கமான சொற்கள் எனக்கு வரவில்லை.

“அவன் என்னைக் கூப்பிட்டான்” என்றேன். “எனக்குக் கேக்கல. நான் பாட்டைக் கூட்டி வச்சிருந்தேன்.”

அது என் கையை முகர்ந்தது, தீவனம் இருக்கிறதா என்று.

திரும்பினேன். கெனெக் பத்தடி தள்ளி நின்றிருந்தான். சத்தமே இல்லாத கொட்டகை; ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். அவன் வந்து என் முழங்கையைப் பிடித்தான்.

“வா, லுட்கா. பெட்டியத் தூக்கணும்.”