லேமானாவின் கோட்டில் நாலு அங்குலம்

வில்மா ஸ்டாஷெக்கிடம் பொய் சொல்ல முடியாது. வாய் சொன்னாலும் இடுப்பு காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் ராணுவ அகாடமியின் தையல் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவள் தைக்கிறாள். பக்கத்து மேஜையில் நான் இஸ்திரி போடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைப் புகழ்ந்ததில்லை. "மெர்ல், அந்தக் கை மடிப்பப் பாரு, மாடு மென்ன மாதிரி இருக்கு." இதுதான் அவளுடைய காலை வணக்கம்.

ஆகஸ்டு பிறந்தால் அமெரிக்க ஃபுட்பால் அணியின் தடியர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பந்தை வைத்திருப்பவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து பேர். சுவர் என்றால் கனம் வேண்டுமே! கோச் "தின்னு, தின்னு" என்று விரட்டுவார். காலையில் ஆளுக்குப் பன்னிரண்டு முட்டை, நடுநடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வில்மா அவர்கள் பேன்ட்டுகளைப் பிரித்து விடுவாள். டிசம்பரில் ஆட்டப் பருவம் முடிந்ததோ இல்லையோ, ராணுவம் டேப்போடு வந்து நிற்கும். கடைசி வருஷக்காரனுக்கு ஏப்ரலுக்குள் வயிறு நாற்பது அங்குலத்துக்குள் வராவிட்டால் அதிகாரிப் பதவி கிடையாது. நாலு வருஷப் படிப்பு, சேறு, பனி எல்லாம் பாழ். தின்னச் சொன்ன வாயே இளைக்கவும் சொல்கிற அநியாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்பின் டேட் என்ற பையன் ஒரே அங்குலத்தில் தேறாமல் போனான். அவனுக்காகத் தைத்த அதிகாரிக் கோட்டு இன்னும் எங்கள் கம்பியின் கோடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வில்மா யாரையும் விடவில்லை.

இந்த வருஷம் சியாவோசி லேமானா. சமோவாத் தீவுக்காரன், முந்நூறு பவுண்டு எடை, குரல் மட்டும் கோழிக்குஞ்சு. நவம்பரில் ஒரு சாயங்காலம் பொத்தான் தைக்க வந்தவனை வில்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"நில்லு. எவ்வளவு கொறஞ்ச?"

"ஒண்ணும் கொறயல மேடம்."

"உன் பேன்ட்டுக்குள்ள என் தலகாணியே நொழையும். யார்கிட்ட கத விடுற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ராத்திரிச் சாப்பாட்ட விட்டுட்டேன் மேடம். கார்பின் டேட்ட நெனச்சா பயமா இருக்கு. பட்டமளிப்புக்கு எங்கம்மா ஊர்லேருந்து வராங்க. அவங்க கையாலதான் என் தோள்ல அதிகாரிப் பட்டை குத்தணும்."

"மூணு வாரத்துல கடற்படைக்காரனுங்களோட ஆட்டம். இந்த லட்சணத்துல போய் நின்னா உன்ன ஊதியே தள்ளிடுவானுங்க. உனக்குப் பின்னால நிக்கிறவன் எலும்பு என்னாவும்? போய்ச் சாப்பிடு. டிசம்பருக்கு அப்புறம் உன்ன எளைக்க வைக்கிறது என் பொறுப்பு."

அவன் போனதும் கேட்டேன். "உனக்கு ஏன் வில்மா இந்த வேண்டாத வேலை?"

"வாய மூடிக்கிட்டு இஸ்திரி போடு."

டிசம்பர் ஆட்டத்தைக் கூடத்து டிவியில் பார்த்தோம். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், அவள் லேமானாவின் இடுப்பைப் பார்த்தாள். எதிரே நின்ற மலையை அவன் பத்து கெஜம் பின்னால் உருட்டிக்கொண்டு போக, அந்தச் சந்தில் எங்கள் பையன் பந்தோடு ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். பதினேழுக்குப் பதினாலு. எங்கள் பதினேழு புள்ளிக்கும் மைதானத்து மாணவர்கள் பனியில் தண்டால் எடுத்தார்கள். கூடத்தில் நானும் நாலு எடுத்தேன். அப்புறம் எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஜனவரி முதல் திங்கட்கிழமைதோறும் அவன் வந்து நிற்பான், வில்மா அளப்பாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு. நாற்பத்து நாலரை. பிப்ரவரியில் கடைசி வருஷக்காரர்களின் கோட்டுகளை வெட்டியாக வேண்டும்.

"உனக்கு நாப்பதுக்குத்தான் வெட்டியிருக்கேன்" என்றாள். "உள்ள ஒரு நூல்கூட விடல. வந்தா நொழை, இல்லன்னா போ."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தடவை மாட்டிப் பார்த்தான். பொத்தான் எட்டவே இல்லை. பிறகு அந்தக் கோட்டு என் மேஜைக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் விலாப் பக்கம் மொத்தையாக இருந்தது. புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு அங்குலம் துணியை உள்ளே மடித்து வைத்திருந்தாள், கள்ளி! தேறாதவனுக்குக் கோட்டே வேண்டாம், பிறகு அந்த நாலு அங்குலம் எதற்கு? வேறெதற்கு, அவளுடைய பயத்துக்குத்தான். மொத்தை தெரியாமல் அழுத்தித் தேய்த்துக் கம்பியில் மாட்டினேன்.

மார்ச்சில் மூன்று வாரம் நாற்பத்தொன்றரையிலேயே நின்றது. வில்மா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "நான்தான சாப்பிடச் சொன்னேன் மெர்ல்" என்று ஒரு நாள் தையல் மெஷினைப் பார்த்துச் சொன்னாள்.

ஏப்ரலில் அளவு எடுக்கும் நாள். பத்து மணிக்குக் கதவு திறந்தது. அவள் நிமிரவில்லை.

"என்ன?"

"முப்பத்தொம்பதரை மேடம்."

அப்பாடா! வில்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். அழுது முடித்து என் பக்கம் திரும்பினாள். "என்ன பார்க்குற? அந்தக் கை மடிப்பப் பாரு, மாடு மென்ன மாதிரி." என் வாழ்நாளில் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

லேமானா கோட்டைப் போட்டான். எல்லாப் பொத்தானும் ஏறியது. விலாவைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"மொத தடவ போட்டப்பவே தெரியும் மேடம். நாலு அங்குலம்தான?"

வில்மாவின் முகம் சிவந்துபோனது. "தெரிஞ்சுமா சொல்லல?"

"கோவம் வந்துச்சு. இவங்களே நம்பலியேன்னு. மார்ச்சுல நின்னுபோச்சுல்ல? அப்புறம் ஓடினதெல்லாம் அந்தக் கோவத்துலதான் மேடம்."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். "கழட்டு. வெட்டிடறேன்."

"ஐயோ, வெட்டாதீங்க. எங்கம்மா வராங்க."

அன்று மாலை டேட்டின் கோட்டை அவளே கம்பியிலிருந்து எடுத்து, பொத்தான்களைக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

மே மாதம் அம்மாவின் கையால் பட்டை ஏறியது. ஐந்தாம் நாள் லெஃப்டினன்ட் லேமானா கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். பின்னால் அவன் அம்மா, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை நிறைந்த பெரிய தட்டோடு.

"மேடம்" என்றான், அதே கோழிக்குஞ்சுக் குரலில். "ஒரே ஒரு அங்குலம்."

வில்மா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு கோட்டை வாங்கித் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணு எங்கடா பத்தும்? ரெண்டா விடுறேன்."